கண்ணாடியில் தெரிந்த ஆரஞ்சுக் கைகள்

நம்பாதவர்கள் என் மனைவி மார்லிஸின் முதுகைப் பார்க்கட்டும். இரண்டு தழும்புகள் இருக்கின்றன. கான்கிரீட்டில் உரசிய தழும்புகள். சும்மா கிளப்பிவிட்ட கதை யார் முதுகையும் கிழிக்காது.

நடந்தது செப்டம்பர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊர். மாலை 7:52-க்கு ஆரம்பித்து 8:01-க்கு முடிந்தது. மொத்தம் ஒன்பது நிமிடம்தான். அதில் ஒரு நொடியைக்கூட நான் கூட்டி எழுதவில்லை.

என் பெயர் லோவல். அயோவாவில் முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். ஒரு தடவைகூட எதிலும் இடித்ததில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. மார்லிஸ் அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள். இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றோம். அந்தப் பணத்தில் முப்பத்தொரு அடி நீள ஆர்.வி. ஒன்றை வாங்கினோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. இனி இதுதான் வீடு, ஊர் ஊராகப் போவதுதான் வேலை என்று முடிவு.

வண்டி பழையது. விற்பனைக்காரரின் முற்றத்தில் ஆறு மாதமாகக் கிடந்தது. பழைய ஆர்.வி. வாங்கினால் முன்பு வைத்திருந்தவர்களின் சாமான்களும் கூடவே வரும். எங்களுக்கும் வந்தன. தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள், அப்புறம் ஒரு ஜோடி ரப்பர் கையுறை. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். எல்லாம் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் குழாய்ப் பெட்டிக்குள் இருந்தன. குழாய் காய்ந்து கிடந்தது. கட்டைகளும் காய்ந்து கிடந்தன. கையுறை மட்டும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. ஆற்றுச் சேற்று வாடை வேறு.

ஆறு மாதம் பூட்டிக் கிடந்த பெட்டி... நான் அப்போது யோசிக்கவில்லை.

இன்னொன்றும் வந்தது. கதவில் ஒட்டிய அமெரிக்க மேப்.

வண்டியில் வாழ்கிற எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். கதவில் வெறும் கோடு போட்ட மேப்பை ஒட்டுவோம். எந்த மாநிலத்தில் ஓர் இரவு தூங்கி எழுந்தோமோ, அந்த மாநிலத்தின் வண்ண ஸ்டிக்கரை மறுநாள் காலையில் அதில் ஒட்டுவோம். தூங்காமல் ஒட்டினால் ஏமாற்று வேலை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அடுத்தவர் மேப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பார்கள். அது மரியாதை. இந்த மேப்பில் ஏறக்குறைய எல்லாம் நிரம்பியிருந்தது. நடுவில் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி நான்கு ஓட்டை. அயோவா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, கான்சாஸ்.

"சுரண்டிடலாம்" என்றேன்.

"எதுக்கு? அலாஸ்கா வரைக்கும் யாரோ கஷ்டப்பட்டுப் போய் ஒட்டி வச்சிருக்காங்க. மிச்சம் நாலுதான். நாம முடிச்சுக் குடுத்துடுவோம் கிழவா" என்றாள் மார்லிஸ்.

அடுத்தவர் பயணத்தை முடித்துக்கொடுக்கப் புறப்பட்டோம். நாங்கள் செய்த தப்பு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் மறைத்த விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாகவே என் கண்ணில் கோளாறு. வெளிச்சம் மங்கினால் போதும், உருவம் தெரியாது, பளிச்சென்ற நிறம்தான் தெரியும். மார்லிஸிடம் சொல்லவில்லை. சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள். வீட்டையும் விற்றாகிவிட்டது, வண்டியையும் நிறுத்தினால் எங்கே போவது? ரிவர்ஸ் எடுக்கும்போது அவள் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுவாள். அந்த ஆரஞ்சுக் கையுறையைப் போட்டுக்கொள்வாள். எனக்கு அந்த நிறம் மட்டும் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். அதை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடியது.

பள்ளிக்கூட பஸ்ஸானாலும் ஆர்.வி. ஆனாலும், ரிவர்ஸ் எடுக்கிறவர்களுக்கு இதுதான் வேதம். ஓட்டுகிறவன் யோசிக்கக் கூடாது. பின்னால் நிற்பவரின் கை 'வா' என்றால் வர வேண்டும். மணிக்கட்டு இரண்டையும் குறுக்கே வைத்தால் நிறுத்த வேண்டும்.

அன்று காலை தெற்கு டகோட்டாவிலிருந்து கிளம்பினோம். 11:15-க்கு ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். அங்கே கண்ணாடிப் பெட்டியில் செத்துப்போன இரண்டு தலைக் கன்றுக்குட்டியைப் பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க டிக்கெட் கொடுத்த பெண் எங்களையே பார்த்தாள்.

"ரெண்டு டிக்கெட் போதுமா? இன்னொருத்தங்க வரலயா?"

"யாரு?"

"வண்டிய நிறுத்தறப்ப பின்னாடி நின்னு கை காட்டினாங்களே..."

அங்கே நான் நேராக நிறுத்தினேன். மார்லிஸ் இறங்கவே இல்லை.

"வேற யாரோட வண்டியவோ பாத்திருப்பா. விடு" என்றாள் மார்லிஸ். கன்றுக்குட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள். எந்தத் தலையைப் பார்த்துச் சிரிப்பது என்று அவளுக்குக் கவலை.

2:40-க்கு நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை. ஹாம்பர்கரை ஒரு கடி கடித்திருப்பேன். சிவப்புத் தொப்பி போட்ட லாரிக்காரர் ஒருவர் விடுவிடுவென்று எங்கள் மேஜைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வெளிய நிக்கிற வெள்ளை ஆர்.வி. உங்களோடதா?"

"ஆமா."

"புத்தி இருக்காய்யா உங்களுக்கு? நாப்பது மைலா உங்க பின்னாடிதான் வரேன். பொம்பளையப் பின்பக்க ஏணியில தொத்த வச்சுக்கிட்டு அறுபது மைல் வேகத்துல ஓட்டறீங்க!"

"என் பொண்டாட்டி இதோ இருக்கா. என் பக்கத்துல உக்காந்துதான் வந்தா."

அவர் மார்லிஸைப் பார்த்தார். அவளுடைய கைகளையும் பார்த்தார். சட்டென்று குரல் இறங்கிவிட்டது.

"அப்போ... ஆரஞ்சுக் கையுறை போட்டுக்கிட்டு என்னை வா வான்னு கூப்பிட்டது யாரு?"

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. வாங்கிய காபியைக்கூட விட்டுவிட்டுப் போனார்.

"குடிச்சிருக்கான்" என்றாள் மார்லிஸ். ஆனால் அவள் தட்டில் பாதி ஹாம்பர்கர் அப்படியே மிஞ்சியது. வாழ்நாளில் சாப்பாட்டை மிச்சம் வைக்காதவள்.

நான் வெளியே வந்து ஏணியைப் பார்த்தேன். மூன்று நாள் புழுதி படிந்திருந்தது. மேல்படியில் மட்டும் இரண்டு இடம் சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது. இரண்டும் ஒரு உள்ளங்கை அகலம்.

அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

மாலை 7:45. தங்க வேண்டிய ஊர் வந்தது. அந்த ஊருக்கு ஒரே பெருமை, சாலையோரம் நிற்கும் தகர விவசாயி. நாற்பது அடி உயரம். பெயர் 'பெரிய ஓர்வில்'. தொப்பியோடு நின்று வலது கையைத் தூக்கிப் போகிற வருகிறவர்களை அழைப்பான். தகரக் காலுக்கு அடியில் கான்கிரீட்டில் செய்த பூட்ஸ், ஒவ்வொன்றும் ஆள் உயரம். பூட்ஸுக்கு முன்னால் வண்டிகள் தங்க ஆறு இடம். அன்று ஒரு வண்டியும் இல்லை. தூரத்தில் இருந்த வீட்டிலிருந்து முகாமை நடத்தும் ட்வைலா என்ற பெண்மணி போனில் சொன்னார்.

"மூணாம் நம்பர்ல போட்டுக்கோங்க. பூட்ஸ் பக்கம் சரிவா இருக்கும், பாத்து வாங்க."

மார்லிஸ் இறங்கினாள். நான் இன்ஜினை அணைக்கவில்லை. சூரியன் விளிம்பில் இருந்தது. கண்ணாடியில் எனக்கு எல்லாமே பழுப்பாகக் குழம்பித் தெரிந்தது.

7:52. ரிவர்ஸ் போட்டேன். பின்னால் பார்க்கக் கேமரா கிடையாது, பழைய வண்டி.

இடது கண்ணாடியில் ஆரஞ்சுக் கைகள் தெரிந்தன.

'வா... வா...'

மெதுவாக விட்டேன். சரளைக் கல் சக்கரத்தில் நெரிந்தது. கர்ர்ர்... கர்ர்ர்...

'வா... வா...'

7:53. பின்னாலிருந்து ஒரு சத்தம். டொக். டொக். ஏணி ஆடுகிறது என்று நினைத்தேன்.

'வா...'

ஏதோ உறுத்தியது. மார்லிஸ் ஐந்தடி ஓர் அங்குலம். அவள் கை கண்ணாடியின் கீழ்ப்பாதியில்தான் தெரியும். இந்தக் கைகள் உச்சியில் தெரிந்தன.

அப்புறம் அசைவு. மார்லிஸ் கை காட்டினால் சூப் கிண்டுகிற மாதிரி மணிக்கட்டைச் சுழற்றுவாள். பழக்கதோஷம். இந்தக் கைகளில் விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி நீண்டன.

டொக். டொக். டொக்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். கை 'வா' என்கிறது. நான் போய்க்கொண்டே இருந்தேன்.

7:54. எதற்கோ வலப்பக்கம் திரும்பினேன். மார்லிஸ் உட்கார்ந்து வந்த இருக்கை.

அதன்மேல்...

ஆரஞ்சுக் கையுறைகள்.

இரண்டும். மடித்து வைத்தபடி.

பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். கைப்பிரேக்கை இழுத்தேன். மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன்.

கைகள் இன்னும் அழைத்துக்கொண்டிருந்தன. இப்போது வேகமாக.

'வா வா வா வா...'

டொக்... டொக்...

அந்தச் சத்தம் இப்போது பலவீனமாக இருந்தது.

குதித்து ஓடினேன். கால் இடறி விழுந்தேன். எழுந்து மறுபடி ஓடினேன்.

கை காட்டியவர் யாரும் பின்பக்கம் இல்லை.

பூட்ஸுக்கும் வண்டிக்கும் நடுவே... மார்லிஸ்.

முதுகு கான்கிரீட்டில். மார்பில் ஏணி. அவளால் கத்த மூச்சு இல்லை. முஷ்டியால் வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். டொக்... டொக்... நான் இவ்வளவு நேரம் கேட்டது என் மனைவி உயிருக்காகத் தட்டிய சத்தம்.

"மார்லிஸ்!"

உதடு மட்டும் அசைந்தது.

"முன்... னாடி... எடு..."

7:57. இருக்கையில் ஏறினேன். கியரை முன்னால் போட்டேன்.

தரை சரிவு. பிரேக்கை விட்டால் வண்டி முதலில் பின்னால்தான் நழுவும். ஓர் அங்குலம் நழுவினாலும் அவள் முடிந்தாள். பிரேக்கை விடும் அதே நொடியில் ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும். தயங்கவே கூடாது.

கைப்பிரேக்கை இறக்கினேன். பழக்கம்... கண்ணாடியைப் பார்த்துவிட்டேன்.

ஆரஞ்சுக் கைகள் மணிக்கட்டைக் குறுக்கே வைத்திருந்தன.

'நிறுத்து.'

என் கால் பிரேக்கிலேயே நின்றுவிட்டது.

மனம் 'போ' என்றது. கால் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் அந்தச் சைகைக்கு அடிபணிந்த கால். அவள் சக்கரத்தில் மாட்டியிருந்தால்? முன்னால் எடுத்தால் இழுத்துக்கொண்டு போய்விடுமோ? அந்தக் கை உண்மையைச் சொல்கிறதோ?

'நிறுத்து. நிறுத்து.'

டொக்...

பிறகு சத்தம் வரவில்லை.

கண்ணாடியில் கைகள் பெரிதாகின. பக்கத்தில்... இன்னும் பக்கத்தில்... என் ஜன்னலை நோக்கி.

நான் கண்ணை மூடினேன்.

மிதித்தேன்.

வண்டி அலறிக்கொண்டு பாய்ந்தது. இருபதடி தாண்டித்தான் கண்ணைத் திறந்தேன். ஜன்னலில் ஒன்றுமில்லை. கண்ணாடியிலும் ஒன்றுமில்லை. மணி 8:01.

மார்லிஸ் பூட்ஸின் அடியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இருந்தது. நான் அவள் பக்கத்தில் விழுந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ட்வைலா டார்ச்சோடு ஓடி வந்தார். அரை மணியில் ஆம்புலன்ஸும் வந்தது. இரண்டு விலா எலும்பில் கீறல் விட்டிருந்தது, முதுகுத்தோல் கிழிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். இரவை ட்வைலா வீட்டு சோபாவில் கழித்தோம். மார்லிஸின் கையை நான் விடவில்லை.

"நீ ஏன் வண்டிக்குப் பின்னாடி போன?"

"நான் ஓரமாத்தான் நின்னேன். பூட்ஸ்கிட்ட யாரோ நின்னு தரையைக் காட்டினாங்க. ஆரஞ்சுக் கை. முகாம் ஆளு, ஆணி ஏதோ கிடக்குன்னு காட்டறாங்கன்னு நினைச்சேன். குனிஞ்சு பாத்தேன்... நிமிந்தா வண்டி வந்துடுச்சு."

"கையுறை ஏன் போட்டுக்கல?"

"அந்த லாரிக்காரன் சொன்னதுக்கப்புறம் அதைத் தொடவே ஒரு மாதிரி இருந்துச்சு."

அப்போதுதான் கண் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். அவள் மேற்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"தெரியும் கிழவா. ஆறு மாசமாத் தெரியும். பின்ன எதுக்கு அந்த நாத்தம் பிடிச்ச கையுறைய தினமும் மாட்டிக்கிட்டேன்னு நினைச்ச? வேற எந்தக் கலரும் உனக்குத் தெரியலயே."

போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டேன்.

காலை 7:20. வண்டியைப் பார்க்கப் போனேன். பூட்டிய பூட்டு அப்படியே இருந்தது. சாவி இரவு முழுக்க என் சட்டைப் பையில். கதவில் மேப்.

நெப்ராஸ்கா ஒட்டப்பட்டிருந்தது.

ஸ்டிக்கர் பாக்கெட் உள்ளே டிராயரில் இருந்தது. அந்த வண்டிக்குள் நாங்கள் யாருமே தூங்கவில்லை.

வேறு யார் தூங்கினார்கள்?

ட்வைலா வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் இரும்பு டிரம் இருந்தது. இருக்கையில் கிடந்த கையுறைகளை இடுக்கியால் தூக்கி அதில் போட்டேன். பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தேன். சாம்பல் ஆகும்வரை நின்றேன். கருகிய ரப்பர் வாடை தொண்டையைப் பிடித்தது. ஆனாலும் நகரவில்லை. மகள் அயோவாவிலிருந்து காரில் வந்து மார்லிஸைக் கூட்டிப்போனாள். கூடவே வந்த மருமகன் வண்டியை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் எங்கேயும் ரிவர்ஸ் எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வண்டியின் பழைய காகிதங்களுக்குள் முந்தைய சொந்தக்காரரின் பெயரும் எண்ணும் கிடைத்தன. டெல்மர். ஓஹையோக்காரர். போன் செய்தேன். கிழட்டுக் குரல்.

"வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது. கதவுல இருக்கிற மேப்பைப் பத்திக் கேக்கணும்."

அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"சுரண்டி எடுத்துட்டு வில்லுன்னு அந்த விற்பனைக்காரன்கிட்ட சொல்லித்தானே குடுத்தேன்..."

"அது உங்க மேப்பா?"

"இல்ல. எங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்களோடது. பாதிக்கு மேல ஒட்டியிருந்துச்சு. என் பொண்டாட்டி இர்மாதான் மிச்சத்தை முடிக்கலாம்னா. போன அக்டோபர்ல நெப்ராஸ்கா வந்தோம். சாயங்காலம்... ரிவர்ஸ் எடுத்தேன்." குரல் உடைந்தது. "சத்தியமாச் சொல்றேன், அவ வா வான்னு கை காட்டினா. ஆரஞ்சுக் கை, நானே பாத்தேன். இறங்கிப் போனா அவ வண்டிக்கு அடியில. கையுறை என் பக்கத்து சீட்ல கிடக்கு. யாருமே நம்பல."



"நான் நம்பறேன். அந்தக் கையுறைய நான் எரிச்சுட்டேன். இனி கவலை வேண்டாம்."

"எந்தக் கையுறைய?"

"வண்டியோட வந்ததே, குழாய்ப் பெட்டியில..."

"குழாய்ப் பெட்டியிலயா? அப்படி இருக்காதே." அவர் மெதுவாகச் சொன்னார். "வண்டிய விக்க வந்த வழியில, மிசூரி ஆத்துப் பாலத்துல நிறுத்தி, என் கையாலயே தண்ணியில வீசினேன். முழுகுற வரைக்கும் நின்னு பாத்தேன்."

சொட்டச் சொட்ட ஈரம். ஆற்றுச் சேற்று வாடை.

"எத்தனை மாநிலம் பாக்கி?" என்று கேட்டார்.

"கான்சாஸ் மட்டும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

அன்றே மேப்பை முழுதாகச் சுரண்டி எடுத்தேன். மகள் வீட்டின் கீழ்த்தளத்தில் இப்போது இருக்கிறோம். வண்டி வாசலில் நிற்கிறது. நல்ல விலைக்கு இரண்டு ஜோடி கேட்டு வந்தார்கள், இரண்டும் எங்களைப் போல வயதான தம்பதி. வீட்டை விற்ற பணமெல்லாம் அதில்தான் முடங்கிக் கிடக்கிறது. ஆனாலும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

குழாய்ப் பெட்டியை அன்றிலிருந்து நான் திறக்கவில்லை. பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறேன்.

நேற்று காலை அந்தப் பக்கமாக நடந்து போனேன். பெட்டிக்குள்ளிருந்து கருகிய ரப்பர் வாடை வருகிறது.